வாவிக்கும் கடலுக்கும் நடுவே: சின்னப் பிள்ளைகளோடு மட்டக்களப்பில்

வெள்ளி

கொழும்பு கோட்டையில் விடிய ஆறு மணியளவில் புறப்படும் உதயதேவி, பின்னேரம் மட்டக்களப்பைத் தொடும். இரவு பஸ்ஸில் போனால் ஒரு பகல் மிச்சம் என்று பலரும் சொன்னார்கள். மூத்தவனுக்கு ஆறு வயது, சின்னவளுக்கு மூன்று. இந்த வயதுப் பிள்ளைகளோடு வருகிறவர்களுக்கு நான் பகல் ரயிலைத்தான் சொல்வேன். கால் நீட்டலாம், பெட்டிக்குள் நடக்கலாம், கழிப்பறை இருக்கிறது. வடையும் கச்சான் என்கிற நிலக்கடலையும் மாங்காயும் ஆள் மாறி ஆள் கொண்டுவந்துகொண்டே இருப்பார்கள். ஆசனத்தை மட்டும் நேரத்தோடு பதிந்துவிட வேண்டும். போயா, அதாவது முழு நிலா விடுமுறை, திங்களில் விழுந்தால் ஊருக்குப் போகிற கூட்டம் முழுக்க இந்த ரயிலில்தான்.

மாகோ வரை தென்னையும் வயலும். ஹபரணைப் பக்கம் காடு. 2025 பெப்ரவரியில் அங்கேதான் ரயில் மோதி ஆறு யானைகள் ஒரே விபத்தில் செத்தன. மூத்தவன் அதைத் தொலைக்காட்சியில் பார்த்தவன். அந்தத் துண்டு முழுவதும் ஜன்னலை விட்டு நகரவில்லை. யானை ஒன்றும் தெரியவில்லை. "தெரியாட்டி பரவாயில்ல, ரோட்டுக்கு வராம இருந்தாச் சரி" என்றான். தண்டவாளத்தைத்தான் அவன் ரோடு என்கிறான்.

மன்னம்பிட்டியில் மகாவலியைக் கடந்து, வெலிக்கந்தை, புனானை தாண்டி வாழைச்சேனை வந்ததும் என் கணவரின் முகமே வேறு. ஏறாவூரில் எழும்பி நின்றவர் பிறகு உட்காரவே இல்லை.

மாமி, என் கணவரின் அம்மா, இருப்பது திராய்மடுவில். அவர் பிறந்து வாழ்ந்தது அங்கே அல்ல, நாவலடியில். நாவலடி தெரியாதவர்களுக்கு: ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி, நடுவே ஒரு மணல் துண்டு. 2004 டிசம்பர் 26 காலையில் அந்தத் துண்டின் மேலால் கடல் போனது. அன்றைக்கு இவருடைய அப்பாவும் தங்கையும் போய்விட்டார்கள். தப்பிய நாவலடிக்காரர் பலருக்குப் பிறகு திராய்மடுவில்தான் வீடு கிடைத்தது. அன்றிலிருந்து மாமி கடற்கரைக்குப் போனதில்லை. கல்லடிப் பாலத்தால் பஸ்ஸில் போகும்போதுகூடக் கடல் பக்கம் உட்காரமாட்டார் என்று இவர் சொல்வார்.

எங்கள் பிள்ளைகள் கொழும்பில் கடலுக்குப் பக்கத்திலேயே வளர்கிறார்கள். ஆனால் கடலில் இறக்கியதில்லை. இந்த முறை இறக்குவது என்று இவர் முடிவோடு வந்திருக்கிறார். அதை மாமியிடம் எப்படிச் சொல்வது என்று ரயிலிலேயே இரண்டு தரம் ஒத்திகை பார்த்தோம்.

இரவுச் சாப்பாட்டில் பிட்டு, கூனி வறை, மீன் சொதி. இவர் வாயைத் திறக்க முதலே மூத்தவன் சொல்லிவிட்டான்: "அப்பம்மா, நாங்க கடல்ல குளிக்கப் போறம்." மாமி சொதியை ஊற்றிக்கொண்டே கேட்டார், எந்தக் கடலில் என்று. பிறகு இவரைப் பார்த்துச் சொன்னார்: "புள்ளயளக் கடலுக்குக் கொண்டு போறதெண்டாப் பாசிக்குடாவுக்குக் கொண்டு போ மனே. கல்லடியில இறக்க ஒண்ணா. நாளைக்கு வெள்ளனப் போவம், நானும் வாறன்."

இவர் பிட்டைப் பிசைந்தபடியே இருந்தார். சாப்பிடவில்லை.

சனி

இவருடைய மச்சானின் வான் வண்டியில் ஆறு மணிக்கே புறப்பட்டோம். பாசிக்குடா நகரத்திலிருந்து வடமேற்கே ஏறக்குறைய 35 கிலோமீற்றர். செங்கலடி, வந்தாறுமூலை, வாழைச்சேனை, பிறகு வலப்பக்கம் திரும்பினால் கல்குடாவும் பாசிக்குடாவும். போன உடனே பார்த்தது ஆள் இல்லாத கரை. விடியப் போவதன் லாபம் அதுதான். கரையின் பெரும்பகுதியில் போர் முடிந்த பிறகு ஹோட்டல்கள் எழும்பிவிட்டன. பொதுச்சனம் இறங்குகிற பக்கத்தில் பத்து மணிக்குப் பிறகு நாடு முழுவதிலும் இருந்து பஸ்கள் வந்து நிற்கும், பாட்டுப் பெட்டி அலறும். அதற்கு முன் குளித்து முடித்துவிட வேண்டும்.

பிள்ளைகளுக்கு இந்தக் குடா ஏன் நல்லது என்பதைச் சொல்ல வேண்டும். பிறை மாதிரி வளைந்த கரை. வெளியே முருகைக்கல் பார், அதாவது பவளப்பாறைத் திட்டு. வருகிற அலை பாரில் உடைந்து, கரைக்கு வரும்போது வெறும் சலசலப்பாகிவிடும். தரை மிக மெதுவாகச் சரிகிறது. இவர் நடந்துகொண்டே போனார், நெடுந்தூரம் போன பிறகும் தண்ணீர் இடுப்புக்கு மேல் ஏறவில்லை. ஆனால் இது சித்திரை முதல் புரட்டாதி வரைக்குமான கதை. கார்த்திகையில் வாடை தொடங்கினால் கிழக்குக் கடல் முழுவதும் வேறு ஆள். டிசம்பர் லீவுக்குப் பிள்ளைகளைக் குளிக்கவென்று கூட்டி வராதீர்கள்.

இன்னொன்று. இந்த மாதங்களில் இங்கே கச்சான் காற்று வீசும். மேற்கே இருந்து காய்ந்து வந்து கடல் பக்கம் தள்ளுகிற காற்று. கரையில் நிற்கும்போது முதுகில்தான் படும். தண்ணீர் குளம் மாதிரி அசையாமல் கிடப்பதால் பயமே வராது. சின்னவளுக்கென்று நான் காற்றடிக்கும் வளையம் ஒன்று கொண்டுவந்திருந்தேன். இவர் அதை வானுக்குள்ளேயே வைத்துவிட்டார். கச்சானுக்கு அந்த வளையம் ஒரு பாய்மரம், பிள்ளையோடு சேர்த்து வெளியே இழுத்துக்கொண்டு போய்விடும் என்றார். கரையில் அப்படியான வளையங்கள் விலைக்குத் தொங்குகின்றன. வாங்கவே வேண்டாம் என்று சின்னப் பிள்ளைக்காரர் எல்லாரிடமும் கேட்டுக்கொள்கிறேன்.

மாமி முதலில் வானுக்குள்ளேயே இருந்தார். கதவு திறந்துதான் கிடந்தது. பிள்ளைகள் தண்ணீரில் இறங்கினார்கள். நான் சின்னவளின் விரல்களைப் பிடித்துக்கொண்டு கணுக்கால் அளவில் நின்றேன். பின்னாலிருந்து சத்தம் வந்தது: "விரலப் புடிக்காத! வழுக்கிரும்!" திரும்பிப் பார்த்தால் மாமி சேலையை முழங்கால் வரை தூக்கிச் செருகிக்கொண்டு மணலில் வருகிறார். வந்தவர் என் கையை விலக்கி, பிள்ளையின் மணிக்கட்டைப் பிடித்தார். தன் பெருவிரலும் நடுவிரலும் ஒன்றையொன்று தொடும்படி, வளையல் போட்ட மாதிரிப் பிடி. "இப்படிப் புடிச்சா அவ கைய விட்டாலும் நீ விடமாட்டாய்."

பிறகு நாங்கள் யாரும் பேசவில்லை, மாமிதான் பேசினார். மூத்தவனைத் தன் முன்னால் நிறுத்தி ஒவ்வொன்றாகக் காட்டினார். அங்கே வெள்ளைக் கோடு தெரிகிறதா, அதுதான் பார், அதற்கு அங்கால அப்பாவோடுகூடப் போக ஒண்ணா. தண்ணீர் நிறம் மாறுகிற இடத்தில் நின்றுவிட வேண்டும். கடலுக்கு முதுகு காட்டி நிற்கக்கூடாது, விளையாடினாலும் முகம் கடலைப் பார்த்தபடிதான். நீந்துவதென்றால் கரையோடு நீளப்பாட்டுக்கு, வெளியே பார்த்து அல்ல. கடைசியாக, "கடல் திடீரெண்டு உள்ளுக்குப் போய்த் தரை தெரிஞ்சா, மீன் புடிக்க ஓடாத. ஊருக்குள்ள ஓடு. மேட்டுக்கு ஓடு. ஒருத்தரையும் பாத்துக்கொண்டு நிக்காத" என்றார்.

மூத்தவன் கேட்டான், "அப்பம்மா, நீங்க ஓடினீங்களா?"

"ஓம் மனே. ஓடினன்."

அவ்வளவுதான். அவன் தலையாட்டிவிட்டுத் தண்ணீரை அடிக்கத் தொடங்கினான். எனக்குத்தான் தொண்டை அடைத்தது. இந்தக் குடும்பத்தில் பிறந்த பிள்ளைகளுக்குக் கடலைப் பற்றி யாராவது சொல்லத்தான் வேண்டும். பயத்தை மட்டும் கொடுத்துவிட்டுப் போவோமோ என்று நான் யோசித்துக்கொண்டிருந்தேன். மாமி பயத்தைக் கொடுக்கவில்லை, செய்ய வேண்டியதைச் சொல்லிக் கொடுத்தார்.

மறுகா இரண்டு மணித்தியாலம் போனதே தெரியவில்லை. சின்னவள் ஊரி என்கிற சின்னச் சங்குகளைப் பொறுக்கினாள். அதில் ஒன்று அவளுடைய உள்ளங்கையிலேயே கால் முளைத்து நடந்தது. உள்ளே குட்டி நண்டு குடியிருந்திருக்கிறது. வீரிட்டாள், கையை உதறினாள், பிறகு குனிந்து அதையே தேடினாள். மாமி மணலில் சின்னக் குழி தோண்டித் தண்ணீர் விட்டு அதை அதற்குள் விட, அது ஓட்டுக்குள்ளிருந்து முதலில் ஒரு கண்ணையும் பிறகு மற்றக் கண்ணையும் நீட்டிப் பார்த்துவிட்டு ஓடியது. போகும்போது நண்டு இருக்கிற ஊரிகளை எல்லாம் திரும்பத் தண்ணீருக்குள் வைத்துவிட்டுத்தான் ஏறினோம். வெறும் ஊரி மட்டும் பையில்.

ஒன்பதரைக்குக் கரையேறி, நல்ல தண்ணியில் குளிப்பாட்டி, ஆளுக்கொரு செவ்விளநீர். மத்தியானம் வீட்டில் இறால் குழம்பும் தயிரும். இந்த ஊர் எருமைத் தயிரைச் சட்டியைக் கவிழ்த்தாலும் விழாது என்று சொல்வார்கள். கவிழ்த்துப் பார்க்கவில்லை. கரண்டி நட்டபடி நின்றது. பிள்ளைகள் நாலு மணி வரை தூக்கம். வெயில் நேரத்தில் மட்டக்களப்பில் செய்ய வேண்டிய வேலையும் அதுதான்.

பின்னேரம் நகரத்துக்குள், புளியந்தீவுக்கு. காந்திப் பூங்காவில் பிள்ளைகள் ஓடித் திரிய இடம் இருக்கிறது, வாவிக் காற்று இருக்கிறது. 1814இல் மெதடிஸ்த பாதிரியார் வில்லியம் ஓல்ட் வந்திறங்கிய மட்டக்களப்பு வாசல் அதற்குப் பக்கத்தில்தான். 1628இல் போர்த்துக்கேயர் கட்டி, பத்து வருடத்தில் ஒல்லாந்தர் பிடித்த கோட்டையில் மூத்தவனுக்குப் பீரங்கி பிடித்திருந்தது. மற்றது எல்லாம் அவனுக்குச் சுவர்.

ஞாயிறு

இன்றைக்கு வாவியின் நாள். 56 கிலோமீற்றர் நீளத்துக்குக் கிடக்கிற வாவி இது. ஊரார் பேச்சில் 'ஆறு' என்றுதான் வரும். கடலைப் பார்க்க வருகிறவர்கள் பலர் இதைப் பாலத்தின் மேலிருந்து பார்த்ததோடு போய்விடுகிறார்கள். சின்னப் பிள்ளைகளுக்கு இந்த ஊரில் அதிகம் கொடுப்பது வாவிதான் என்று இன்றைக்குப் பிறகு எனக்கு நிச்சயமாகத் தோன்றுகிறது.

கல்லடிப் பாலம் கடந்து தெற்கே போனால் காத்தான்குடி. நடுவீதியில் வரிசையாகப் பேரீச்சை மரங்கள், குலைகளுக்கு வலை கட்டியிருந்தார்கள். பேரீச்சம்பழம் பெட்டியில் வருகிற சாமான் என்று நினைத்திருந்த மூத்தவன், மரத்தில் பார்த்ததும் வானை நிறுத்தச் சொன்னான். நிறுத்தினோம். ஆரையம்பதி தாண்டி மண்முனைப் பாலத்தால் வாவியைக் கடந்து கொக்கட்டிச்சோலைக்கு. அந்தப் பாலம் 2014இல்தான் திறந்தார்கள். அதற்கு முன் இந்த இடத்தில் படுவான்கரைச் சனத்துக்குப் படகுதான் வழி. நகரம் இருக்கிற கடலோரப் பக்கம் எழுவான்கரை, சூரியன் எழுகிற பக்கம். வாவிக்கு அந்தப் பக்கம் படுவான்கரை, வயலும் மாடும் நிறைந்த பூமி.

கொக்கட்டிச்சோலைத் தான்தோன்றீஸ்வரர் கோயிலில், போர்த்துக்கேயர் வந்தபோது கல் நந்தி எழும்பிப் புல் தின்ற கதையை இவர் பிள்ளைகளுக்குச் சொன்னார். சின்னவள் வெளியே போய் ஒரு பிடி புல் பறித்து வந்து நந்தியின் வாயருகே வைத்தாள். ஐயரும் பார்த்துக்கொண்டுதான் நின்றார், எடுக்கச் சொல்லவில்லை.

திரும்பும்போது மச்சானை வானோடு பாலத்தால் அனுப்பிவிட்டு, நாங்கள் அம்பிளாந்துறையில் 'பாதை' ஏறினோம். பாதை என்றால் இங்கே ஆட்களையும் மோட்டார் சைக்கிளையும் ஏற்றிக்கொண்டு வாவியைக் கடக்கும் தட்டையான மிதவை. அக்கரை குருக்கள்மடம். மாமி முன்கூட்டியே எச்சரித்திருந்தார்: ஓரக் கம்பியில் சாயவிடக்கூடாது, மோட்டார் சைக்கிளுக்கு நடுவில் நிற்கக்கூடாது. சந்தைக்குப் போகிற ஒருவர் காலைக் கட்டி வைத்திருந்த இரண்டு கோழிகள், பால் கான் கட்டிய சைக்கிள், வெற்றிலை மென்றபடி ஒரு பெரியம்மா. அவர் சின்னவளைக் கேட்காமலே தூக்கி மடியில் வைத்துக்கொண்டார். "எந்த ஊர்ப் புள்ளகா இது?" என்று மாமியைக் கேட்டார். நாவலடி என்றதும் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு பையிலிருந்து ஒரு நாவல்பழச் சரை எடுத்துப் பிள்ளையின் கையில் வைத்தார். கரையை அடையும்போது சின்னவளின் நாக்கும் சட்டையும் ஊதா. மிதவை நகர்வதே தெரியாது, கரைதான் கிட்ட வரும். மூத்தவனுக்கு இந்தப் பயணத்தில் இதற்கு மேல் ஒன்றும் இல்லை. வானுக்கு முன்னால் வந்துவிட்டோம் என்பதில் அவனுக்கு இரட்டைச் சந்தோசம்.

பின்னேரம் கல்லடிக் கடற்கரை. இங்கே கால் நனைப்பதோடு சரி. கரை சட்டென்று ஆழமாகிறது, அலை காலை வாருகிறது. ஆனால் மணல் விரிந்து கிடக்கிறது, பட்டம் விட இதைவிட நல்ல இடம் இல்லை. கச்சான் வறுத்துச் சுடச்சுடச் சரையில் தருகிறார்கள், ஒரு கடையில் இறால் வடையும் நன்றாக இருந்தது. திருச்செந்தூர் முருகன் கோயில் கோபுரம் சுனாமி அடித்தபோது சாய்ந்தது, அந்தச் சாய்வோடு இன்னும் நிற்கிறது. மூத்தவன் தலையைச் சரித்துப் பார்த்துவிட்டு, ஏன் நேராக்கவில்லை என்று கேட்டான். மாமி மணலில் உட்கார்ந்திருந்தார், கடலைப் பார்த்தபடிதான். கச்சான் கோதுகளை ஒரு சரைக்குள் சேர்த்துக்கொண்டே, "விழல்லத்தானே" என்றார்.

இரவு மீன் பாட்டு. வாவித் தண்ணீருக்குள்ளிருந்து கேட்கிற ஒலியை இங்கே அப்படிச் சொல்வார்கள். நாளைக்குத்தான் முழு நிலா, இன்றைக்கே வாவி வெளிச்சமாகக் கிடந்தது. கல்லடிப் பழைய இரும்புப் பாலம் 1924இல் கட்டியது. பக்கத்தில் 2013இல் புதிய பாலம் வந்த பிறகு பழையதில் நடப்பவர்களும் தூண்டில் போடுபவர்களும்தான். அதன் அடியில்தான் பாட்டுக் கேட்கும் என்பார்கள், சித்திரைக்கும் புரட்டாதிக்கும் இடையில், நிலவு நாட்களில்.

முதலில் கேட்ட தோணியில் பிள்ளைக்கு அளவான மிதவைச் சட்டை இல்லை. ஏறவில்லை. அடுத்தவரிடம் இருந்தது. இரவில், வாவியில், இதில் மட்டும் தயவு தாட்சண்யம் பார்க்காதீர்கள். சின்னவள் மாமியின் தோளில் தூங்கிவிட்டாள், கரையிலேயே இருந்துவிட்டார்கள். நாங்கள் மூன்று பேரும் போனோம்.

பாலத்தை அண்டியதும் தோணிக்காரர் எஞ்சினை நிறுத்தினார். புதிய பாலத்தில் வாகனம் ஓயும் வரை பொறுக்கச் சொன்னார். பிறகு துடுப்பின் தட்டைப் பக்கத்தைத் தண்ணீருக்குள் விட்டு, மேல் நுனியை மூத்தவனின் காதோடு ஒட்டி வைத்தார். 1848 செப்டெம்பரில் இதே வாவியில் படகில் வந்து கேட்ட எமர்சன் டெனன்ட், இலங்கையின் அன்றைய குடியேற்றச் செயலாளர், ஈர விரலால் கண்ணாடிக் கிண்ணத்தின் விளிம்பைத் தேய்க்கிற ஒலி போல என்று எழுதி வைத்தார். அன்றைக்கு மீனவர்கள் அவருக்குக் காட்டியது மீனை அல்ல, ஊரியை. பாடுவது மீனா ஊரியா என்று இன்றும் இங்கே பேச்சு உண்டு. எங்கள் தோணிக்காரரின் கட்சி ஊரி.

என் காதுக்கு முதலில் படபடவென்று எண்ணெயில் கடுகு வெடிக்கிற சத்தம்தான் வந்தது. கொஞ்சம் பொறுத்தால், அதற்கு அடியில் ஒரே சுருதியில் நீளமாக ஒரு முனகல். விட்டு விட்டு வந்தது. மூத்தவன் துடுப்பைத் தரவே இல்லை. கண்ணை மூடிக்கொண்டு, "ரெண்டு பேர் பாடுறாங்க. ஒண்டு கிட்ட, ஒண்டு தூர" என்றான். தோணிக்காரர் துடுப்பை வாங்கித் தன் காதில் வைத்துக் கேட்டார். "ஓம், ரெண்டுதான்" என்றார்.

திங்கள்

திரும்பும் உதயதேவியும் விடியவேதான். ரயிலுக்குள் இருந்து எழுதுகிறேன், அதனால் சுருக்கமாக.

வெளிச்சவீட்டுக்குப் போக நேரம் இருக்கவில்லை. பாலமீன்மடுவில், வாவி கடலோடு சேரும் முகத்துவாரத்தில், 1913இல் கட்டியது. பக்கத்தில் கண்டல் காட்டுக்குள் படகில் போகலாம், நீர்ப்பறவைகள் பார்க்கலாம். பிள்ளைகள் இன்னும் ஒரு காலை தங்கக் கூடியவர்கள் என்றால் அதற்கே கொடுங்கள்.

பிள்ளைகளோடு வரப் போகிறவர்களுக்கு: பாசிக்குடாவில் நிழல் குறைவு, தொப்பியும் நீளக் கைச் சட்டையும் கொண்டுபோங்கள். பின்னேரத்தில் நுளம்பு அதிகம், வலை வேண்டும். தயிர்ச் சட்டி கொண்டுபோகிறவர்கள் வாயைக் காகிதத்தால் கட்டி, சட்டியைத் துவாயால் சுற்றி, காலுக்கிடையில் நிமிர்த்தி வையுங்கள். மேல் தட்டில் வைக்க வேண்டாம், மன்னம்பிட்டி வரையும் தாங்காது.

ஸ்டேஷனில் மாமி இவரிடம் ஒன்று சொன்னார். ஆடி அமாவாசைக்கு அமிர்தகழியில் மாமாங்கேஸ்வரர் தீர்த்தம். அப்பாவை நினைத்து இவர் அங்கே முழுகிப் பல வருடமாகிவிட்டது. "அப்பாக்கும் செஞ்சு போட்டு, புள்ளயளப் பாசிக்குடாவுக்கும் கொண்டு போவம். நான் அவன நீளப்பாட்டுக்கு நீந்தப் பழக்கோணும்" என்றார். நாவலடியில் வளர்ந்த மாமிக்கு நீச்சல் தெரியாமல் இருக்காதுதான். ஆனால் அதை அவர் வாயால் நான் கேட்டது இதுதான் முதல். ஏறாவூர் வருவதற்குள் இவர் அலுவலகத்துக்கு லீவு கேட்டு அனுப்பிவிட்டார், இப்போது ஆசனம் தேடிக்கொண்டிருக்கிறார். நாலு கேட்கிறது, ஒன்று ஜன்னலோரம் வேண்டுமாம், யானைப் பக்கம்.